முதுகு கூன முழங்கால் சுமக்கும்

முழங்கால் நோவுக்குத் தைலம் தடவுவோர் முழங்காலையே நோக்குவர். மேல்முதுகை நோக்குவார் அரியர்.

நிமிர்ந்து நிற்பவரின் உடற்சுமைக் கோடு முழங்கால் மூட்டுக்குச் சற்று முன்னே இறங்குகிறது. ஆதலின் தொடைத்தசைக்கு வேலை குறைவு. மேல்முதுகு கூனிவிட்டாலோ, தலையும் தோள்களும் முன்னே சாய்கின்றன. விழாதிருக்கும் பொருட்டு உடல் இடுப்பைப் பின்னே சரித்து முழங்காலை மடக்கிக்கொள்கிறது. நம் இல்லத்து முதியோர் பலர் காலை முழுதும் நீட்டாமல் நடப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மடங்கிய முழங்கால் தானே நில்லாது. தொடையின் முன்தசை அதனை ஓயாது இழுத்துப் பிடிக்க வேண்டும். அவ்விழுப்பு முழங்கால் சில்லைத் தொடையெலும்போடும், தொடையெலும்பைக் கீழ்க்கால் எலும்போடும் அழுத்துகிறது. எடை ஒரு கிலோவும் கூடாமலே மூட்டின் சுமை கூடிவிடுகிறது.

இயல்பான நடையே எளிய சுமையன்று. செயற்கை மூட்டினுள் அளவைக்கருவி பொருத்தப்பெற்ற ஐவரைக் கொண்டு பெர்லின் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, சமதளத்தில் நடக்கையில் மூட்டு தாங்குவது உடல் எடையைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 150 கிலோ!

முன்சாய்வு யாவும் தீதென்று கொள்ளற்க. முதுகு நேராக இருக்க, இடுப்பிலிருந்து சிறிதே சாய்ந்தால் முழங்காலின் பங்கு குறைந்து இடுப்பின் பங்கு மிகும்.

முள்ளெலும்பு நொறுங்கி வந்த முதுமைக் கூனல் முற்றும் நிமிர்வதரிது. ஏட்டின்மேல் கவிழ்ந்து பழகிய மாணவரின் கூனலோ பயிற்சியால் பெரிதும் நிமிரக்கூடியது.