சீருடையும் பட்டமும்

புனே நகரக் கிளையொன்றில் நான் பணியாற்றிய காலத்தில், நம்மவர் ஒருவர் கலங்கிய முகத்துடன் வந்தார். மகனின் கல்லூரிப் படிப்புக்கெனச் சேர்த்திருந்த வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துக்கொள்ள விரும்பினார். மகனுக்குக் கடக்வாஸ்லாவிலுள்ள தேசியப் பாதுகாப்பு அகாதெமியில் இடம் கிடைத்திருந்தது. "படிப்பை விட்டுவிட்டுப் பட்டாளத்துக்குப் போகிறான் சார். இனி இந்தப் பணம் எதற்கு?" என்றார்.

அவருடைய பேச்சில் இரண்டு தவறான எண்ணங்கள் இருந்தன. பல பெற்றோரிடமும் அவை உண்டு என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, படிப்பு நின்றுவிடும் என்பது. அகாதெமியின் மூன்றாண்டுப் பயிற்சி, பட்டப்படிப்பும் சேர்ந்ததே. பட்டம் வழங்குவது தில்லியின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம். தரைப்படைப் பிரிவினர் பி.எஸ்சி. அல்லது பி.ஏ. பயில்கின்றனர், கடற்படை, விமானப்படைப் பிரிவினருக்குப் பி.டெக். வழியும் உண்டு.

நுழைவுத் தேர்வே அறிவியலின் இடத்தை உணர்த்தும். மத்தியப் பணியாளர் தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும் எழுத்துத் தேர்வில் கணிதத்துக்கு 300 மதிப்பெண், பொதுத்திறனுக்கு 600. இயற்பியலும் வேதியியலும் பொதுத்திறன் தாளில் அடங்கும். 2022 முதல் பெண்களும் சேர்க்கப்படுகின்றனர். 2025 மே மாதம் 17 பெண்கள் முதல் அணியாகப் பயிற்சியை நிறைவு செய்தனர்.

படைவீரனுக்கு இயற்பியல் எதற்கு? பீரங்கிக் குண்டின் பாதையைப் புவியீர்ப்பும் காற்றின் தடையும் தீர்மானிக்கின்றன. ரேடார் வானலைகளையும், நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் கருவி ஒலியலைகளையும் நம்பி இயங்குகின்றன. வெடிமருந்தைக் கையாள்பவருக்கு வேதியியல் உயிர்காக்கும் அறிவு. விடியலில் உடற்பயிற்சியும் அணிவகுப்பும் முடித்து, களைத்த உடலோடு வகுப்பில் அமர்ந்து இவற்றைக் கற்க வேண்டும். மற்ற மாணவர் பணம் கொடுத்துப் பெறும் பட்டத்தை இவர்கள் உறக்கத்தைக் கொடுத்துப் பெறுகிறார்கள் எனலாம்.

இரண்டாவது, பணம் இனித் தேவையில்லை என்பது. கல்வி, உணவு, சீருடை, மருத்துவம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. ஆயினும் கைச்செலவுக்குப் பெற்றோரே பணம் அனுப்ப வேண்டும். தன் விருப்பத்தால் இடையில் விலகுபவரிடமிருந்து, அதுவரை ஆன செலவைத் திரும்பப் பெறவும் விதி உண்டு. பயிற்சியில் காயமுற்று வெளியேற நேர்ந்தாலோ நிலைமை இன்னும் கடினம். அதிகாரியாக நியமனம் பெறாததால், அவர்களுக்கு முன்னாள் படைவீரர் என்ற தகுதி கிடைப்பதில்லை; கருணைத்தொகையே ஆதாரம். இவர்களது நிலையை 2025இல் உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. பாதியில் நின்ற பட்டத்தை வேறொரு கல்லூரியில் தொடர்வதற்குக் குடும்பத்தின் சேமிப்பே துணை.

இவற்றையெல்லாம் பொறுமையாகக் கேட்ட அந்தத் தந்தை, வைப்புத்தொகை ரசீதை மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டார். கைச்செலவுக்கென மகன் பெயரில் ஒரு சேமிப்புக் கணக்கு மட்டும் தொடங்கினார். "அவன் பட்டத்தோடு வரும்வரை இதைத் தொடமாட்டேன் சார்" என்றார்.

மகனோ மகளோ சீருடை அணியப் போகும் இல்லங்களில், கல்விச் சேமிப்பை அவசரப்பட்டு முடித்துவிடாதீர்கள். தோளில் நட்சத்திரம் ஏறும் நாள்வரை அது இருக்கட்டும்.