ஏலக்காய்க் கணக்கும் 640 கிலோபைட்டும்

வண்டன்மேடு, நெடுங்கண்டம், குமுளி ஆகிய இடங்களில் ஏலக்காய் வாணிகத்தை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும், வாளையாறு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கடை வைத்திருப்போருக்கும் ஒரு சங்கடம் நேர்ந்திருக்கக்கூடும். 1990-ஆம் ஆண்டையொட்டி வாங்கிய கணிப்பொறியில், டாஸ் என்னும் முறைமையின் கீழ், டிபேஸ், ஃபாக்ஸ்புரோ முதலியவற்றைக் கொண்டு எழுதிய கணக்குகள் பழைய தட்டுகளில் உறங்குகின்றன. யாருக்கு எவ்வளவு முன்பணம் கொடுத்தோம், எந்தத் தோட்டத்துக் காய் என்ன விலைக்குப் போயிற்று என்பதெல்லாம் அவற்றில் உண்டு. பாகப்பிரிவினையோ வழக்கோ வந்தால்தான் அவற்றின் அருமை தெரியும். புதிய யந்திரமோ அக்கணக்கு நிரலை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. 2021-இல் வெளிவந்த விண்டோஸ் 11 முறைமை 64-பிட்டு வடிவில் மட்டுமே கிடைப்பது. அவ்வடிவம் 16-பிட்டு டாஸ் நிரல்களைத் தானாக இயக்காது.

இதற்குப் பரிகாரம், பழைய யந்திரத்தைப் போல நடிக்கும் ஒரு நிரல். 2002 முதல் விலையின்றிக் கிடைத்து வரும் டாஸ்பாக்ஸ் அத்தகையது. அதை நிறுவுவதில் துன்பமில்லை. நிறுவிய பின்னர், “போதிய நினைவகம் இல்லை” என்று பழைய நிரல் முறையிடும்போதுதான் பலர் திகைக்கின்றனர். எட்டு ஜிகாபைட்டு இருக்கும் யந்திரத்தில் இது என்ன பஞ்சப்பாட்டு?

1981-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட கணிப்பொறியின் 8088 சில்லுக்கு முகவரிக் கம்பிகள் இருபதே. ஆகவே 1,024 கிலோபைட்டுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது. அதிலும் 384 கிலோபைட்டு திரைக்கும் யந்திரத்தின் உள்வேலைகளுக்கும் போய்விடும். எஞ்சிய 640-இல்தான் டாஸும் நம் கணக்கு நிரலும் ஒண்டிக்கொள்ள வேண்டும்.

இடம் போதாமற்போகவே, 1985-இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் கூடி ஓர் உபாயம் கண்டன. கடையின் திண்ணையில் நான்கு மூட்டைகளுக்கே இடம். கொல்லைக் கிடங்கிலோ நூறு மூட்டைகள். வேண்டிய நான்கைத் திண்ணைக்குக் கொணர்ந்து, வேலை முடிந்ததும் மாற்றிக்கொள்வோம் அல்லவா? 16 கிலோபைட்டு கொண்ட நான்கு பக்கங்களை அவ்வாறு மாற்றி மாற்றிக் காட்டும் முறை இ.எம்.எஸ். எனப்படும். பின்னர் வந்த 80286 முதலிய சில்லுகள் 1,024 கிலோபைட்டுக்கு அப்பாலும் நேரே எட்டக்கூடியவை. அவ்விடத்தைப் பங்கிட்டுத் தரும் முறை எக்ஸ்.எம்.எஸ். இவ்விரண்டின் ஆங்கில விரிவுகளும் ஏறக்குறைய ஒரே பொருள் தருவன. அவற்றை இட்டவர் மொழிபெயர்ப்பாளரைப் பற்றிச் சிறிதும் கவலைப்படவில்லை என்பது தெளிவு. எனவே சுருக்கப் பெயர்களையே நாம் கையாளுகிறோம். இ.எம்.எஸ். என்றதும் கேரளத்தில் வாழும் நேயர்கள் வேறொருவரை நினைத்துக்கொண்டால், அது நம் குற்றமன்று.

டாஸ்பாக்ஸின் அமைப்புக் கோப்பில் ‘மெம்சைஸ்’ என்னும் வரி உண்டு. வழக்கமாக அங்கே 16 மெகாபைட்டு என்றிருக்கும். அதைக் கூட்டினால் முறையீடு தீருமென்று எண்ணுவது இயல்பே. ஆனால் நேர்மாறாகவும் நடக்கும். சில பழைய நிரல்கள் 32,767-க்கு மேற்பட்ட எண்ணைக் கழித்தல் குறியுள்ள எண்ணாகப் படித்துவிடும். கிலோபைட்டுக் கணக்கில் அவ்வளவு நினைவகத்தைக் காட்டினால், ஒன்றுமே இல்லையென்று அவை அழும். அந்நிலையில் எண்ணைக் குறைப்பதே மருந்து. முதலில் ‘மெம்’ என்னும் கட்டளையை ஆங்கில எழுத்துகளில் இட்டு, எவ்வகையில் எவ்வளவு இடமுண்டு என்று பாருங்கள். பிறகு அமைப்புக் கோப்பில் இ.எம்.எஸ்., எக்ஸ்.எம்.எஸ். இரண்டில் ஒன்றை மட்டும் நிறுத்திச் சோதியுங்கள். இரண்டையும் ஒருசேர மாற்றினால் எது குணமளித்தது என்று தெரியாது.

இன்னொரு செய்தி இதனினும் கொடியது: “பொதிந்த கோப்பு பழுதுற்றது” என்று ஆங்கிலத்தில் திரையில் தோன்றும். இதைக் கண்டு தட்டே கெட்டுவிட்டதென எறிந்துவிட வேண்டா. கோப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். இடத்தைச் சுருக்கும்பொருட்டுப் பொதிந்து வைத்த சில நிரல்களைப் பிரிக்கும் பகுதியில் ஒரு குறையுண்டு. நினைவகத்தின் முதல் 64 கிலோபைட்டுக்குள் ஏற்றினால் அவை தடுமாறும். அக்காலத்து யந்திரங்களில் டாஸே அவ்விடத்தை அடைத்துக்கொண்டிருந்ததால் குறை வெளிப்படவில்லை. நிரலின் பெயருக்கு முன் ‘லோட்ஃபிக்ஸ்’ என்னும் கட்டளையைச் சேர்த்தால், அவ்விடம் நிரப்பப்பட்டு நிரல் மேலே ஏறும்.

தமிழில் எழுதிய கணக்கானால் வேறு தொல்லையும் வரலாம். புனேயிலுள்ள சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் அட்டையைப் பொருத்திய யந்திரங்களில், அந்த அட்டையே திரையில் இந்திய எழுத்துகளை வரைந்தது. டாஸ்பாக்ஸில் அவ்வட்டை இல்லை; நினைவகத்தை எப்படி மாற்றினாலும் எழுத்து தெரியாது. 1991-இன் இஸ்கி தரத்தில் பதிந்த எழுத்துகளைத் தனியே யூனிகோடுக்கு மாற்றிக்கொள்வதே வழி.

டாஸ்பாக்ஸை ஆக்கியோர் பழைய விளையாட்டுகளுக்கென்றே அதை ஆக்கினர். அதில் புதுக்கணக்கு எழுதத் தொடங்குவது விவேகமன்று. தட்டிலுள்ளதை முதலில் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒரு பிரதியில் மட்டும் சோதனை செய்க. டிபேஸ் வகைக் கோப்புகளைப் பெரும்பாலும் லிப்ரேஆபீஸின் அட்டவணை நிரலே நேராகத் திறந்துவிடும். வேண்டுவது பெயரும் தொகையும் மட்டுமே எனில், நினைவகத்தோடு மல்லுக்கட்டும் முன் அதைப் பார்த்துவிடலாம்.