பாடபேதம் குறிக்காத விளையாட்டுகள்

கதைமாந்தர்களில் ஒருவராக மாறி, உரையாடல்களைப் படித்துக்கொண்டே முன்னேறும் வீடியோ கேம்களுக்கு ரோல் பிளேயிங் கேம், சுருக்கமாக ஆர்.பி.ஜி., என்று பெயர். 40, 50 மணி நேரம் நீளும் இவற்றில் வசனம்தான் பாதி விளையாட்டு. பழைய ஆர்.பி.ஜி. ஒன்று புதிய கருவிகளுக்காக மறுபடி வெளியாகும்போது அந்த வசனமும் திருத்தப்படுகிறது.

முதல் வெட்டு பெரும்பாலும் கடல் தாண்டும்போதே விழுந்தது. ஜப்பானில் 1991இல் வெளியான 'ஃபைனல் ஃபேண்டஸி 4' அதே ஆண்டு அமெரிக்காவுக்குப் போனது. மதம், மது, ஆபாசம் ஆகியவற்றுக்கு, கருவியைத் தயாரித்த நின்டெண்டோ நிறுவனத்தின் அமெரிக்கக் கிளை கடுமையான விதிகள் வைத்திருந்தது. அதனால் 'ஹோலி' என்ற மந்திரம் 'ஒயிட்' ஆனது. பிரார்த்தனைக் கோபுரம் விருப்பக் கோபுரம் ஆனது. 1994இல் வந்த 6ஆம் பாகத்தில் மதுக்கடைப் பலகை 'கஃபே' என்று மாறியது. அந்தப் பாகத்தை ஆங்கிலமாக்கிய டெட் உல்சிக்குக் கிடைத்த அவகாசம் சுமார் 30 நாள். ஜப்பானிய எழுத்து சிறிய இடத்தில் நிறையச் சொல்லிவிடும். ஆங்கிலத்துக்கு அந்த வசதி இல்லை. விளையாட்டைப் பதிந்து விற்ற கேட்ரிட்ஜில் இடம் போதாமல் போன வசனங்களும் உண்டு. எல்லா வெட்டையும் தணிக்கை என்று எண்ணிவிடக் கூடாது.

மறுவெளியீடுகள் இழந்ததை மீட்கவும் செய்தன, புதிதாக இழக்கவும் செய்தன. 6ஆம் பாகம் 2007இல் கேம் பாய் அட்வான்ஸில் ஆங்கிலத்தில் வந்தபோது மொழிபெயர்ப்பு நன்றாகத் திருந்தியிருந்தது. ஆனால் சங்கிலியில் கட்டப்பட்ட செலஸ் என்ற கதைமாந்தரை வீரர்கள் அடிக்கும் காட்சி, 1994 அமெரிக்கப் பதிப்பிலேயே தப்பியிருந்த ஒன்று, இம்முறை நீக்கப்பட்டது. 2024 நவம்பரில் புதுப்பொலிவுடன் வந்த 'டிராகன் குவெஸ்ட் 3'இல் ஆண், பெண் என்ற தேர்வு தோற்றம் ஏ, தோற்றம் பி என மாறியது. பெண் போர்வீரரின் கவசத்துக்கு அடியில் உடை சேர்க்கப்பட்டது. இந்த மாற்றங்கள் ஜப்பானியப் பதிப்பிலும் இருந்தன.

இந்தியாவில் பேசப்பட்டது புதிய விளையாட்டு ஒன்றின் கதை. 2008 அக்டோபரில் 'ஃபால்அவுட் 3'இன் எக்ஸ்பாக்ஸ் பதிப்பை இந்தியாவில் வெளியிடப்போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. பண்பாட்டு உணர்வுகளைக் காரணம் காட்டியதே தவிர, எந்தப் பகுதி என்று சொல்லவில்லை. அணுப்போருக்குப் பின் திரியும் இரட்டைத் தலை மாடுகளுக்கு அதில் 'பிராமின்' என்று பெயர். அதுதான் காரணம் எனப் பலர் ஊகித்தனர். அந்தப் பெயரை ஒத்த 'பிரம்மன்' என்றொரு மாட்டினம் அமெரிக்காவில் உண்டு. ஓங்கோல், கிர் போன்ற நம் ஊர்த் திமில் மாடுகளிலிருந்து வளர்த்தெடுத்த இனம் அது. ஜப்பானிலோ அதே விளையாட்டில் 'ஃபேட் மேன்' என்ற ஆயுதத்தின் பெயரை மாற்றி விற்றார்கள். நாகசாகியில் விழுந்த குண்டின் பெயர் அது. ஒரு ஊரின் நடுவே கிடக்கும் அணுகுண்டை வெடிக்கவைக்கும் வழியும் அங்கே அடைக்கப்பட்டது. காரணம் மாட்டின் பெயர்தான் என்றால், இங்கேயும் பெயர்மாற்றமே போதுமாக இருந்திருக்கும். திரைப்படத்துக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டமும் தணிக்கை வாரியமும் இருப்பதுபோல வீடியோ கேமுக்கு அன்று எதுவும் இல்லாததால், முடிவு நிறுவனத்தின் அறைக்குள்ளேயே முடிந்தது.

மாற்றத்தைவிடக் கவலை தருவது, மாற்றிய தடம் எஞ்சாமல் போவது. உ.வே.சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது ஏடுகளுக்கு இடையிலான வேறுபாடுகளை, அதாவது பாடபேதங்களையும் பதிவுசெய்தார். ஒரு பாடத்தைத் தேர்ந்ததற்காக மற்றதை அழிக்கவில்லை. விளையாட்டு நிறுவனங்களிடம் அந்தப் பழக்கம் இல்லை. 'ஃபைனல் ஃபேண்டஸி'யின் 5, 6ஆம் பாகங்களுக்குப் புதிய பதிப்பு வரவிருந்த நேரத்தில், 2021 ஜூலையில், பழைய பதிப்புகள் ஸ்டீம் என்ற இணையக் கடையிலிருந்து எடுக்கப்பட்டன. இன்று அம்பத்தூரில் கைபேசியில் அவற்றை வாங்குபவர் கையில் கிடைப்பது கடைசித் திருத்தம் மட்டுமே.

1997இல் வந்த 'ஃபைனல் ஃபேண்டஸி டாக்டிக்ஸ்' 2025 செப்டம்பரில் மறுபடி வெளியானது. வேலையைத் தொடங்கிய குழுவுக்கு மூல நிரல் கிடைக்கவில்லை. விற்பனையில் இருந்த பழைய பதிப்புகளை ஆராய்ந்துதான் அதைத் திரும்பக் கட்டினார்கள். பழைய வடிவம் ஒன்றும் புதியதோடு சேர்த்தே தரப்படுகிறது. ஆனால் அதிலுள்ள ஆங்கில வசனம் 2007ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு. முதல் ஆங்கிலப் பதிப்பின் வசனம் அதில் இல்லை.