கமிஷன் பூஜ்ஜியம்; கைக்கு வருவது எவ்வளவு?

அரவக்குறிச்சிப் பக்கம் முருங்கை இலைப் பொடி தயாரித்து இணையச் சந்தையில் விற்கும் விவசாயி ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னைக் கைபேசியில் அழைத்தார். "மேடம், இனிமே கமிஷனே கிடையாதுன்னு மெயில் வந்துச்சுங்க. அப்புறம் எப்படிங்க பேங்க்ல காசு குறைஞ்சு விழுது?" என்று கேட்டார்.

விற்பனை குறையவில்லை. அதே 200 கிராம் பாக்கெட், அதே விலை. மூன்று மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு வரச் சொன்னேன். வரி வரியாகப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. கமிஷன் நீங்கியது உண்மை. ஆனால் அதே மின்னஞ்சலின் அடியில் இருந்த ஆங்கில அட்டவணையில், ஒவ்வொரு ஆர்டருக்குமான நிலைக்கட்டணமும் அனுப்பும் கட்டணமும் ஏற்றப்பட்டிருந்தன. பணம் வங்கிக்கு வரும் நாளும் தள்ளிப் போயிருந்தது. அவர் தலைப்பை மட்டும் படித்துவிட்டுச் சந்தோஷப்பட்டிருக்கிறார்.

அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. மதிப்புக்கூட்டல் பயிற்சிக்கு வந்தபோது இலையை நிழலில் உலர்த்துவது, பொடியின் ஈரப்பதம், லேபிள், புகைப்படம் எடுப்பது, விற்பனையாளர் கணக்கு தொடங்குவது எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். பிடித்தம் போக எவ்வளவு வரும், எப்போது வரும் என்று கணக்குப் போடச் சொல்லித்தரவில்லை. பெரும்பாலான பயிற்சிகளில் இதே குறை இருக்கிறது. களப்பணியாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அறிவிப்பைப் படிக்கும் முறை

இணையச் சந்தைகள் சிறு விற்பனையாளர்களை இழுக்கக் கட்டணக் குறைப்புகளை அறிவிப்பது சில ஆண்டுகளாகவே நடக்கிறது. மீஷோ 2021-லேயே கமிஷன் இல்லாத முறைக்கு வந்தது. அமேசான் இந்தியா 2025 ஏப்ரல் 7 முதல் 300 ரூபாய்க்குக் குறைவான பொருட்களுக்கு 135 பிரிவுகளில் கமிஷனை நீக்கியது. ஃபிளிப்கார்ட் அதே ஆண்டு நவம்பரில் 1,000 ரூபாய்க்குக் குறைவான பொருட்களுக்குக் கமிஷன் இல்லை என்றது. கிராமத்தில் இருந்து 150 ரூபாய்க்கும் 250 ரூபாய்க்கும் பொருள் விற்கும் நமக்கு இவை நல்ல செய்திகளே. ஆனால் கமிஷன் என்பது பல பிடித்தங்களில் ஒன்று மட்டுமே. ஆர்டருக்கு இவ்வளவு என்ற நிலைக்கட்டணம், எடையும் தூரமும் பொறுத்த அனுப்பும் கட்டணம், திரும்பி வந்தால் அதற்கான கட்டணம், விளம்பரம் போட்டிருந்தால் அந்தச் செலவு, இவற்றின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. என்று பட்டியல் நீளும். ஒரு பக்கம் குறைந்தால் மறுபக்கம் என்ன ஆகிறது என்று பார்த்தால்தான் முழுக் கணக்கு தெரியும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். பிரிட்டனில் இபே நிறுவனம், வீட்டிலிருந்து பொருள் விற்கும் தனிநபர்களுக்கான விற்பனைக் கட்டணத்தை 2024 அக்டோபரில் நீக்கியது. அடுத்த பிப்ரவரியிலேயே வாங்குபவரிடம் பாதுகாப்புக் கட்டணம் என்று ஒன்றைச் சேர்த்தது. விற்பவர் போட்ட விலையைவிட வாங்குபவர் திரையில் தெரியும் விலை கூடியது. கட்டணம் மறையவில்லை, இடம் மாறியது.

ஒரு பாக்கெட்டின் கணக்கு

அரவக்குறிச்சி விவசாயியோடு போட்ட கணக்கை, எளிதாகப் புரிவதற்காக எண்களைச் சற்று மாற்றித் தருகிறேன். உங்கள் கட்டணம் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை ஒன்றுதான்.

200 கிராம் பாக்கெட்டின் விலை 240 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பழைய முறையில் கமிஷன் 8 சதவீதம், அதாவது 19.20 ரூபாய். நிலைக்கட்டணம் 12. அனுப்பும் கட்டணம் 60. மொத்தம் 91.20. அதன்மேல் ஜி.எஸ்.டி. 16.42. ஆக 107.62 ரூபாய் பிடித்தம் போக 132.38 கைக்கு வந்தது. புதிய முறையில் கமிஷன் இல்லை. நிலைக்கட்டணம் 30, அனுப்பும் கட்டணம் 68, ஜி.எஸ்.டி. 17.64. பிடித்தம் 115.64. கைக்கு வருவது 124.36. கமிஷன் இல்லை என்ற அறிவிப்புக்குப் பிறகு பாக்கெட்டுக்கு எட்டு ரூபாய் குறைந்திருக்கிறது. மாதம் 600 பாக்கெட் விற்றால் 4,800 ரூபாய்.

வேறு எதுவும் மாறாமல் கமிஷன் மட்டும் நீங்கியிருந்தால், அதன் ஜி.எஸ்.டி.யையும் சேர்த்து 22 ரூபாய் 66 காசு கூடுதலாக வந்திருக்கும். அப்படி உண்மையிலேயே லாபம் அடைந்தவர்களும் உண்டு. எந்த நிறுவனத்தையும் சந்தேகப்படச் சொல்லவில்லை. அட்டவணையை முழுதாகப் படிக்கத்தான் சொல்கிறேன்.

இனி, திரும்பி வரும் பாக்கெட்டுகள். உணவுப் பொருளை வாடிக்கையாளர் திருப்பி அனுப்ப முடியாது என்று சில தளங்களில் விதி உண்டு. ஆனாலும் வீடு பூட்டியிருந்தது, கேஷ் ஆன் டெலிவரியில் வாங்க மறுத்துவிட்டார் என்று திரும்புபவை இருக்கவே செய்யும். 100 அனுப்பி 10 திரும்பினால், அந்தப் பத்துக்கும் போன அனுப்பும் கட்டணம் மட்டும் ஜி.எஸ்.டி.யோடு 802 ரூபாய் 40 காசு. கூரியர் கிடங்குகளில் வெயிலில் கிடந்து, மூலை நசுங்கி வந்த பொடியை மறுபடி விற்காதீர்கள். மூடி பிரிந்தால் முருங்கைப் பொடி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நிறமும் மணமும் போய்விடும். எனவே பொருளும் நட்டம். இலை, கூலி, மின்சாரம், உறை எல்லாம் சேர்த்துப் பாக்கெட்டுக்கு 85 ரூபாய் அடக்கவிலை என்றால் இன்னொரு 850 ரூபாய் போகும். விற்ற 90 பாக்கெட்டுகள் மேல் இதைப் பரப்பினால் கைக்கு வருவது 106 ரூபாயாக இறங்கிவிடும். 39 ரூபாய் லாபம் என்று நினைத்திருந்தது 21 ரூபாய்தான். இதில் விளம்பரச் செலவு சேரவில்லை.

ஒரு கிலோ பொடிக்கு எட்டு முதல் பத்து கிலோ பச்சை இலை தேவைப்படும் தொழில் இது. உருவி, கழுவி, உலர்த்தி, அரைக்கும் உழைப்புக்கு 21 ரூபாய் போதுமா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

பெட்டியைச் சுருக்குங்கள்

கட்டணத்தை நாம் மாற்ற முடியாது. பெட்டியை மாற்றலாம். அனுப்பும் கட்டணம் தராசு எடைக்கு மட்டும் போடப்படுவதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்தால் வருவது கன எடை. இதிலும் தராசு எடையிலும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். நம்மவர் கடையில் கிடைத்த 20 × 15 × 10 பெட்டியைப் பயன்படுத்தி வந்தார். 3,000 கன சென்டிமீட்டர், வகுத்தால் 600 கிராம். உள்ளே இருப்பது 200 கிராம் பொடி! முதல் படி 500 கிராமோடு முடிவதால், ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் அடுத்த படிக் கட்டணம் கொடுத்துக்கொண்டிருந்தார். 20 × 14 × 8 பெட்டிக்கு மாறினால் 448 கிராம், முதல் படியிலேயே நிற்கும். மேலே சொன்ன 60, 68 என்ற கட்டணங்கள் இந்த முதல் படிக்கானவை. அவர் உண்மையில் கட்டியது இன்னும் அதிகம்.

அந்தச் சின்னப் பெட்டியில் இரண்டு பாக்கெட் தாராளமாக அடங்கும். உறை, பெட்டி சேர்த்துத் தராசில் 500 கிராம் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே பொருளாக 450 ரூபாய்க்குப் பட்டியலிட்டோம். விலை கூடினால் நிலைக்கட்டணம் அடுத்த படிக்குப் போகலாம் என்பதால் அதை 35 ரூபாயாக வைத்துக்கொள்வோம். அனுப்பும் கட்டணம் அதே 68. ஜி.எஸ்.டி.யோடு பிடித்தம் 121.54. கைக்கு 328.46, அதாவது பாக்கெட்டுக்கு 164 ரூபாய். வாடிக்கையாளருக்கும் 30 ரூபாய் மிச்சம். திணை மாவு, நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எதுவானாலும் இதே வழியில் யோசிக்கலாம். எண்ணெயும் தேனும் வேறு, கனம் அதிகம். அங்கே தராசு எடைதான் முந்தும்.

விலைப் படிகளையும் கவனியுங்கள். பல தளங்களில் நிலைக்கட்டணம் 250, 300, 500 ரூபாய் என்று ஏதாவது ஓர் எல்லையில் மாறும். எல்லைக்கு ஒரு ரூபாய் மேலே விலை வைத்துப் பத்து ரூபாய் இழப்பவர்கள் உண்டு.

சனிக்கிழமைக் கூலி

கட்டண உயர்வைவிட அவரை அதிகம் வாட்டியது பணம் தாமதமானதுதான். முன்பு சரக்கை அனுப்பிய ஏழாம் நாள் பணம் வந்தது. புதிய விதிப்படி சரக்கு போய்ச் சேர்ந்து, திருப்பும் காலம் ஏழு நாள் கழிந்து, அதன்பின் வாரம் ஒருமுறை நடக்கும் பட்டுவாடாவில் வரும். போய்ச் சேர ஐந்து நாள், திருப்பும் காலம் ஏழு நாள், பட்டுவாடாவுக்கு அதிகபட்சம் ஆறு நாள் காத்திருப்பு. ஆக 18 நாள்.

நாளுக்கு 20 பாக்கெட், அடக்கவிலை 85 என்றால் தினமும் 1,700 ரூபாய் வெளியே போகிறது. ஏழு நாளுக்கு 11,900 ரூபாய் முடங்கியிருந்த இடத்தில் இப்போது 30,600 முடங்குகிறது. கூடுதலாக 18,700 ரூபாய் கையிலிருந்து போட வேண்டும். மாதம் இரண்டு வட்டிக்கு வாங்கினாலும் 374 ரூபாய்தான் வட்டி, பாக்கெட்டுக்கு 62 காசுதான் வரும், இதற்கா கவலை என்று நான்கூட முதலில் நினைத்தேன். "வட்டி பெரிசில்லைங்க மேடம். சனிக்கிழமை ஆறு பொம்பளைங்க கூலிக்கு நிப்பாங்க. அன்னிக்குக் கையில காசு இல்லைன்னா திங்கக்கிழமை வேற தோட்டத்துக்குப் போயிருவாங்க" என்றார். ஆள் வராவிட்டால் வெட்டிய இலை பழுத்துப்போகும். இலை நம் பட்டுவாடா நாளுக்காகக் காத்திருக்காது.

ஆகவே எந்தத் தளமானாலும் இரண்டைக் கேளுங்கள். நாள் எண்ணிக்கை எப்போது தொடங்குகிறது, அனுப்பிய நாளிலா, போய்ச் சேர்ந்த நாளிலா? திரும்பி வரும் சரக்குக்காக ஒரு தொகையை நிறுத்தி வைப்பார்களா? பதிலை வைத்து, எத்தனை நாள் செலவுக்குக் கையிருப்பு வேண்டும் என்று பாருங்கள். பண்டிகைக் காலத்தில் ஆர்டர் இரட்டிப்பானால் முடங்கும் பணமும் இரட்டிப்பாகும். தீபாவளிக்கு முன் நன்றாக விற்றும் கையில் காசில்லாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

வரிப் பிடித்தம்

இதையும் கட்டணத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறார்கள். 2023 அக்டோபர் 1 முதல், ஆண்டு விற்பனை 40 லட்சத்துக்குள் இருந்து, தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவர்கள் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாமலே இணையச் சந்தையில் விற்கலாம். பான் எண்ணைக் கொடுத்து ஜி.எஸ்.டி. இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் மட்டும் வாங்க வேண்டும். வெளிமாநிலத்துக்கு ஒரு பாக்கெட் அனுப்புவதானாலும் பதிவு வேண்டும். பதிவு இல்லாதவருக்குக் கட்டணத்தின் மேல் போடும் 18 சதவீதம் முழுச் செலவு. வழக்கமான முறையில் பதிவு செய்து, வரி உள்ள பொருளை விற்பவர் அதை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்.

பதிவு உள்ளவர்களிடம் தளம் பிடிக்கும் ஜி.எஸ்.டி. டி.சி.எஸ். 2024 ஜூலை 10 முதல் 1 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைந்தது. வருமான வரிக்கான டி.டி.எஸ். அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் 1 சதவீதத்திலிருந்து 0.1 ஆனது. இவை இரண்டும் உங்கள் கணக்கில் வரவாக நிற்கும் பணம், கணக்குத் தாக்கல் செய்து எடுத்துக்கொள்ளலாம். ஒரு தளத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் வரை விற்கும் தனிநபருக்கு, பான் அல்லது ஆதார் கொடுத்திருந்தால் டி.டி.எஸ். பிடித்தமே இல்லை. கொடுக்காவிட்டால் 5 சதவீதம் போகும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு இந்த 5 லட்சம் விலக்கு கிடையாது.

பத்து ஆர்டர் போதும்

மாதம் ஒருமுறை பட்டுவாடா அறிக்கையைப் பதிவிறக்குங்கள். அதில் ஏதாவது பத்து ஆர்டரை எடுத்து, விலை என்ன, வங்கிக்கு வந்தது என்ன, எத்தனையாவது நாள் வந்தது என்று மூன்று பத்தியாக நோட்டில் எழுதுங்கள். போன மாதத்தோடு ஒப்பிட்டால் எந்தக் கட்டணம் மாறினாலும் தெரிந்துவிடும். ஆங்கில மின்னஞ்சலைக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்து, தலைப்பை அல்ல, அட்டவணையையும் எந்தத் தேதி முதல் நடைமுறை என்பதையும் படிக்கச் சொல்லுங்கள். எடையைத் தவறாகப் போட்டுப் பிடித்திருந்தால் பெட்டியைத் தராசில் வைத்து எடுத்த படத்தோடு முறையிடுங்கள். அதற்குக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடக் கூடாது. உற்பத்தியாளர் நிறுவனமாக இருந்தால் இந்த வேலைக்கென்று ஒருவரைப் பொறுப்பாக்குவது நல்லது.

அரவக்குறிச்சிக்காரர் ஒற்றைப் பாக்கெட்டை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். அங்கே இரட்டைப் பாக்கெட் மட்டும்தான். ஒற்றைப் பாக்கெட்டுகள் கரூரில் நான்கு கடைகளுக்கும், வாட்ஸ்அப்பில் கேட்கும் பழைய வாடிக்கையாளர்களுக்கும் போகின்றன. கடைக்காரர்கள் விலையை அடித்துக் கேட்கிறார்கள் என்று அவருக்கு வருத்தம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை மாலையே ரொக்கம் வந்துவிடுகிறது. மறுநாள் கூலிக்கு அதுதான்.