லாரிக்கு அடியில் தீ மூட்டுகிறார்கள்!

லடாக்கில் குளிர்கால விடியற்காலை.

சாலை ஓரத்தில் ஒரு லாரி நிற்கிறது. அதன் டீசல் டாங்கிக்குக் கீழே ஒருவர் குந்தி உட்கார்ந்திருக்கிறார். தகர டப்பாவில் கந்தல் துணியைப் போட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்துகிறார்!

பார்ப்பவர்களுக்குப் பகீர் என்று இருக்கும். "லாரியைக் கொளுத்துகிறானே!" என்று கத்தத் தோன்றும்.

அவர் லாரியைக் கொளுத்தவில்லை. அவர்தான் அந்த லாரியின் டிரைவர். லாரியைக் கிளப்பப் பார்க்கிறார்!

ஊட்டியைவிட உயரம்

இந்தியாவின் வட கோடியில், இமய மலைகளுக்கு நடுவே இருக்கிறது லடாக். அதன் தலைநகர் லே, சுமார் 11,500 அடி உயரத்தில் உள்ளது. (நமது ஊட்டி சுமார் 7,350 அடி உயரம்தான்.)

தண்ணீர் பூஜ்யம் டிகிரியில் ஐஸ் கட்டி ஆகிறது. வீட்டு பிரிட்ஜில் ஐஸ் வைக்கும் பெட்டியின் குளிர், மைனஸ் 18 டிகிரி அளவில் இருக்கும். லடாக்கில் குளிர்கால இரவில் சில இடங்களில் மைனஸ் 30 டிகிரி வரை போய்விடும்.

அரிசி, காய்கறி, மருந்து, மண்ணெண்ணெய் எல்லாம் அங்கே மலைப் பாதை வழியாக லாரியில்தான் பெரும்பாலும் போக வேண்டும். எல்லையில் நிற்கும் ராணுவ வீரர்களுக்கும் லாரிதான் துணை. சென்னையில் தலைமை அலுவலகம் உள்ள அசோக் லேலண்ட் கம்பெனியின் "ஸ்டாலியன்" லாரிகளும் ராணுவத்துக்காக இந்த மலைகளில் ஏறி இறங்குகின்றன.

அப்படிப்பட்ட லாரி, காலையில் கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடித்தால்?

பொறி இல்லாத என்ஜின்

பெட்ரோல் என்ஜினில் "பிளக்" உண்டு. அது நெருப்புப் பொறியை உண்டாக்கும். அந்தப் பொறியில் பெட்ரோல் பற்றிக்கொள்ளும்.

டீசல் என்ஜினில் இந்தப் பொறி கிடையாது!

பிறகு எப்படித் தீப்பிடிக்கிறது?

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் பம்பை வேகமாக அடித்துவிட்டு, அதன் அடிப்பாகத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடும். காற்றை அமுக்கினால் சூடு பிறக்கும். ருடால்ப் டீசல் என்ற ஜெர்மன் என்ஜினீயர் இந்தச் சூட்டை வைத்தே ஒரு என்ஜினை உருவாக்கினார். 1897-ம் ஆண்டில் அது வெற்றிகரமாக ஓடியது. அவர் பெயரே என்ஜினுக்கும், எண்ணெய்க்கும் நிலைத்துவிட்டது.

டீசல் என்ஜினுக்குள் காற்றை 16-ல் ஒரு பங்கு, 20-ல் ஒரு பங்கு என்று இறுக்கி அமுக்குகிறார்கள். சூடு 500 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. அதில் டீசலைப் பனித் துளி போலப் பீய்ச்சியதும், அது தானாகவே பற்றிக்கொள்கிறது.

ஆக, டீசல் என்ஜினுக்கு உயிர் சூடுதான். குளிர் அந்த உயிரில்தான் கை வைக்கிறது!

உள்ளே வரும் காற்றே மைனஸ் 30 டிகிரி. சுற்றிலும் இருக்கும் இரும்பும் அதே குளிர். அமுக்கிப் பிறந்த சூட்டை அந்த இரும்பு உறிஞ்சிவிடுகிறது. போதாக்குறைக்கு, மலை உச்சியில் காற்றும் குறைவு. லே நகரில் காற்றின் அழுத்தம், கடற்கரையில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். அமுக்குவதற்கே காற்று பற்றாது!

பாட்டரியும் காலை வாரிவிடும். மைனஸ் 18 டிகிரியில் அதன் பலம் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. என்ஜின் ஆயிலோ கம்பங்கூழ் போலக் கெட்டியாகி, உள்ளே இருக்கும் பாகங்களைச் சுழல விடாது. சாவியைத் திருப்பினால் "ங்ர்...ங்ர்..." என்று ஒரு முனகல். அவ்வளவுதான்!

தேங்காய் எண்ணெய் போல...

மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோவதை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பெண்கள் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்குவார்கள்.

டீசலும் அப்படித்தான். அதில் மெழுகு கலந்திருக்கிறது. குளிர் ஏற ஏற, மெழுகு சின்னச் சின்னத் துகளாகப் பிரியும். டீசல் கலங்கிப் போகும். பிறகு கூழாகும். சாதாரண டீசல், தண்ணீர் உறையும் குளிரிலேயே தடுமாறத் தொடங்கிவிடும்.

இந்த மெழுகு, டீசலை வடிகட்டும் பில்டரில் போய் அடைத்துக்கொள்கிறது.

இதில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. சில நாட்களில் லாரி கிளம்பிவிடும்! குழாயில் மிச்சம் இருந்த டீசலில் என்ஜின் ஓடும். டிரைவரும் சந்தோஷமாகப் புறப்பட்டுவிடுவார். கொஞ்ச தூரம் போனதும் பில்டர் அடைத்து, என்ஜின் நின்றுவிடும். ஆள் நடமாட்டம் இல்லாத கணவாயில், பனிக் காற்றில், உதவிக்கு யாரும் இல்லாமல் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். லாரி கிளம்பாமல் ஊருக்குள்ளேயே நின்றிருந்தால் அதைவிட நல்லது!

அதனால்தான் டாங்கிக்குக் கீழே தீ மூட்டி, மெழுகை உருக்குகிறார்கள். ஆனாலும் இது உயிரோடு விளையாட்டுதான். பெட்ரோல் போல டீசல் சட்டென்று பற்றாது என்பது உண்மையே. ஆனால் ரப்பர் குழாயும், மின்சாரக் கம்பியும், கசிந்து கிடக்கும் ஆயிலும் பக்கத்திலேயே இருக்கின்றனவே!

டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது இன்னொரு பழைய வழி. மண்ணெண்ணெய் அவ்வளவு எளிதில் உறையாது. ஆனால் அதில் வழவழப்புக் குறைவு. அதிகம் கலந்தால் டீசலைப் பீய்ச்சும் பம்ப் தேய்ந்துபோகும்.

இந்தத் தொல்லைக்கு 2019-ம் ஆண்டு நவம்பரில் ஒரு பரிகாரம் வந்தது. இந்தியன் ஆயில் நிறுவனம், அரியானாவில் உள்ள பானிப்பட்டு ஆலையில் குளிர்கால டீசலைத் தயாரித்து, லடாக்குக்கு அனுப்பியது. மைனஸ் 33 டிகிரி வரை அது உறையாமல் இருக்கும்.

நல்ல டீசல் இருந்தாலும், என்ஜினுக்குச் சூடு வேண்டும் அல்லவா? இந்தக் காலத்து லாரிகளில் உள்ளே போகும் காற்றைச் சூடாக்க மின்சாரக் கம்பி வைத்திருக்கிறார்கள். டிரைவருக்கு முன்னால் சுருள் கம்பி போல ஒரு விளக்கு எரியும். அது அணையும் வரை பொறுத்திருந்து சாவியைத் திருப்ப வேண்டும். அவசரக்காரர்கள் பொறுப்பதில்லை. பாட்டரியைத் தீர்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொள்வார்கள்!

சிலர் காற்றுக் குழாயில் "ஈதர்" மருந்தைப் பீய்ச்சுவார்கள். அது சட்டென்று பற்றக்கூடியது. சூட்டுக் கம்பி உள்ள என்ஜினில் அதை அடித்தால் வெடித்துவிடும். என்ஜின் உடைந்தாலும் ஆச்சரியம் இல்லை.

ரேடியேட்டரில் வெறும் தண்ணீரும் கூடாது. தண்ணீர் உறைந்தால் பருக்கும். பருத்தால் இரும்பு என்ஜினையே பிளந்துவிடும்! அந்தக் காலத்தில் இரவில் தண்ணீரை வடித்துவிட்டு, காலையில் வெந்நீர் ஊற்றுவார்கள். இப்போது உறையாத திரவம் கலந்து ஊற்றுகிறார்கள்.

அணையாத என்ஜின்கள்

ரஷியாவின் சைபீரியாவில் யாகூட்டியா என்று ஒரு பிரதேசம் உண்டு. அங்கே ஒய்மியாகோன் என்ற ஊரில் 1933-ம் ஆண்டு மைனஸ் 67.7 டிகிரி குளிர் பதிவாகியிருக்கிறது. லடாக் குளிர் அதற்கு முன்னால் எம்மாத்திரம்!

யாகூட்டியா லாரி டிரைவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். குளிர்காலத்தில் வெட்டவெளியில் நின்றால், என்ஜினை நிறுத்துவதே இல்லை! டிரைவர் சாப்பிடும்போதும் ஓடும். தூங்கும்போதும் ஓடும். டீசல் வீணாகிறதே என்று நமக்கு வயிறு எரியும். ஆனால் அங்கே என்ஜின் அணைந்தால், டிரைவரின் உயிருக்கே ஆபத்து.

கனடாவின் குளிர்ப் பிரதேசங்களில் வேறு மாதிரி. கார் நிறுத்தும் இடத்திலேயே மின்சார பிளக் வைத்திருக்கிறார்கள். என்ஜினில் உள்ள சூட்டுக் கம்பியை அதில் செருகிவிட்டு, வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்குகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத எமன்

குளிரைவிட மோசமான எமன் ஒன்று உண்டு. அது புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

குளிர் தாங்காமல், லாரியின் காபினுக்குள் கரி அடுப்பை வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தூங்குவது எமனைப் பக்கத்தில் படுக்கவைப்பது போல! புகைக் குழாயைப் பனி மூடியிருக்கும்போது என்ஜினை ஓடவிட்டுத் தூங்குவதும் அப்படியே.

சரி, எப்படியோ என்ஜின் ஓடத் தொடங்கிவிட்டது. உடனே புறப்படலாமா?

கூடாது. கெட்டியான ஆயில் இளகி, எல்லா இடத்துக்கும் பரவ வேண்டும். அதற்குச் சில நிமிஷங்கள் ஆகும்.

பிரேக்கையும் பார்க்க வேண்டும். லாரி பிரேக் காற்றில் இயங்குகிறது. அந்தக் காற்றில் இருக்கும் ஈரம், குழாயில் ஐஸாகி அடைத்துக்கொள்ளும். ஈரத்தோடு நிறுத்திய லாரியில், பிரேக் கட்டை சக்கரத்தோடு ஒட்டி உறைந்துபோவதும் உண்டு.

அதனால் அனுபவம் உள்ள டிரைவர், முதலில் காற்று முழுவதும் ஏறுகிறதா என்று முள்ளைப் பார்ப்பார். பிறகு சமதரையில் லாரியை நாலடி நகர்த்தி, பிரேக்கை மிதிப்பார். நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான், மலைச் சரிவில் இறங்குவார்.