தெரபிஸ்டுக்கும் ஒரு துணை வேண்டும்

நம் ஊர்ப் பக்கம் ஒரு பிள்ளைக்கு நடை தள்ளிப்போகிறது, பேச்சு வரவில்லை, பென்சில் பிடிக்க வரவில்லை என்றால் பெற்றோர் முதலில் கேட்பது, "இதுக்கு எங்கே காட்டணும்?" என்பதுதான். நாலு பேரிடம் விசாரித்து, பல இடம் அலைந்து, கடைசியில் ஒரு ஆக்குபேஷனல் தெரபிஸ்டைக் கண்டுபிடிப்பார்கள். வாரம் இரண்டு நாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். சில மாதங்களில் பிள்ளை தன் கையாலேயே இட்லியைப் பிட்டு வாயில் வைக்கத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து, "அந்த மேடம் வேலையை விட்டுப் போயிட்டாங்க" என்ற செய்தி வரும். புதியவர் வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்த பிறகும் பிள்ளை அவரிடம் பழக வேண்டும், எல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

சம்பளம் போதவில்லை, திருமணம் ஆகிவிட்டது, பெரிய நகரத்தில் வேலை கிடைத்துவிட்டது என்று இதற்குக் காரணங்கள் சொல்கிறோம். அவையும் உண்மைதான். ஆனால் நாம் அதிகம் பேசாத இன்னொரு காரணம் இருக்கிறது. சிறிய ஊரில் தனியாக வேலை பார்க்கும் தெரபிஸ்டுக்கு ஒரு சந்தேகம் வந்தால் கேட்க ஆளில்லை. மனம் சோர்ந்தால் புரிந்துகொள்ள அதே வேலை பார்க்கும் ஒரு துணையும் இல்லை. இந்தக் குறை எப்படிப் பிள்ளைகளைப் பாதிக்கிறது, இதற்கு என்ன வழி என்பதை இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

ஆக்குபேஷனல் தெரபி என்றால் என்ன?

தமிழில் இதைச் சிலர் தொழில்வழிச் சிகிச்சை என்று எழுதுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு, "அஞ்சு வயசுப் பிள்ளைக்கு எதுக்குத் தொழில்?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. இங்கே தொழில் என்பது ஒருவர் அன்றாடம் செய்யும் காரியங்கள் அனைத்தையும் குறிக்கிறது. பிள்ளைக்கு அது விளையாடுவது, சாப்பிடுவது, சட்டை போடுவது, பல் தேய்ப்பது, வகுப்பில் உட்கார்ந்து எழுதுவது. இவற்றைச் செய்யத் தடையாக இருப்பது கை பலமா, உடல் சமநிலையா, கவனமா, சத்தமும் தொடுதலும் தாங்க முடியாத தன்மையா என்று கண்டறிந்து, பிள்ளைக்கு ஏற்ற பயிற்சி கொடுப்பது இவர்கள் வேலை. தேவைப்பட்டால் நாற்காலியையும் கரண்டியையும் வீட்டின் பழக்கத்தையும்கூட மாற்றச் சொல்வார்கள்.

நம் நாட்டில் இதற்கான முதல் பயிற்சிப் பள்ளி 1950-ல் மும்பையில் தொடங்கியது. அதைத் தொடங்கியவர் அமெரிக்காவில் பிறந்து இந்தியாவை வீடாக்கிக்கொண்ட கமலா நிம்ப்கர். 1952-ல் அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் சங்கம் உருவானது. அதே ஆண்டு உலகக் கூட்டமைப்பு தொடங்கியபோது, அதைத் தொடங்கிய 10 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. எண்ணிக்கையில் மிகச் சிலராக இருந்த காலத்திலேயே ஒருவரையொருவர் துணைக்கு அழைத்துக்கொண்ட தொழில் இது.

படிப்பு மட்டும் ஏன் போதாது?

சிவகாசி அச்சகத்தில் ஆப்செட் மெஷினுக்குப் புதிதாக வரும் பையனை நினைத்துப் பாருங்கள். மெஷினைப் பற்றி எவ்வளவு படித்திருந்தாலும், மை கூடுதலா குறைவா, கலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்பதைப் பழைய ஆபரேட்டர் பக்கத்தில் நின்று பார்த்துத்தான் கற்றுக்கொள்வான். அச்சில் தவறு வந்தால் தாள்தான் வீணாகும். பிள்ளையிடம் தவறு நேர்ந்தால் அது வேறு விதம்.

ஆக்குபேஷனல் தெரபிப் பட்டப்படிப்பு, பயிற்சிக் காலம் உட்பட நாலரை ஆண்டு என்றே நீண்டகாலம் இருந்து வந்தது. முதியோர், விபத்தில் கை இழந்தோர், மனநோயாளிகள், குழந்தைகள் என எல்லாரையும் பற்றி அதில் படிக்கிறார்கள். குழந்தைகளுக்கு என்று ஒதுங்கும் நேரம் அதில் ஒரு பங்குதான். படித்து முடித்து ஒரு சிறிய ஊரில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே, பாடப்புத்தகம் விடை தராத கேள்விகள் எதிரே வந்து நிற்கும்.

ஒரு உதாரணம். சாப்பிடப் பயிற்சி கொடுக்கும்போது பிள்ளை அடிக்கடி இருமுகிறது. இது பழக்கமில்லாத உணவினால் வந்த இருமலா, உணவு மூச்சுக்குழாய்க்குள் போவதன் அறிகுறியா? இரண்டாவது என்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரையும் பேச்சு சிகிச்சை நிபுணரையும் பார்க்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் நுரையீரலில் சளி கட்டிக் காய்ச்சல் வரை போகலாம்.

நம் பகுதிக்கு நெருக்கமான இன்னொன்று. பட்டாசு வெடித்துக் கையில் தீக்காயம் பட்ட பிள்ளை, வலி குறையும் என்று முழங்கையை மடக்கியே வைத்திருக்கும். பார்க்கிற நமக்கும் அப்படியே இருக்கட்டும் என்றுதான் தோன்றும். ஆனால் மடங்கிய நிலையில் ஆறும் தோல் சுருங்கி, பிறகு கை நீளாமல் போகும். அதனால் ஸ்பிளிண்ட் என்னும் தாங்கி கட்டி, கையைச் சரியான நிலையில் வைப்பார்கள். பிள்ளை வளர வளர அந்தத் தாங்கியையும் மாற்றி அமைக்க வேண்டும். எத்தனை மணி நேரம் கட்டுவது, எப்போது கழற்றி அசைக்க விடுவது என்பதெல்லாம் பலரைப் பார்த்த அனுபவத்தில் வருவது. அந்த அனுபவம் இல்லாதவருக்கு, அனுபவம் உள்ள ஒருவரிடம் போனில் கேட்கும் வசதியாவது இருக்க வேண்டும்.

வழிகாட்டி செய்யும் மூன்று காரியங்கள்

இங்கிலாந்தின் பிரிஜிட் புரோக்டர் 1980-களில் பணி வழிகாட்டுதலை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். செவிலியர், ஆலோசகர், தெரபிஸ்டுகள் எனப் பல துறையினரும் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

முதலாவது, கற்றுக்கொடுப்பது. தெரியாத முறையைச் செய்துகாட்டுவது, செய்ததைப் பார்த்துத் திருத்துவது.

இரண்டாவது, வேலையின் தரத்தைக் காப்பது. பதிவேடு சரியாக எழுதப்படுகிறதா, தன் வரம்பைத் தாண்டி எதையும் செய்கிறாரா, மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய பிள்ளையைத் தாமதப்படுத்துகிறாரா என்று கவனிப்பது.

மூன்றாவது, மனத்தைத் தாங்கிப் பிடிப்பது. மூன்றிலும் அதிகம் மறக்கப்படுவது இதுதான். "எம்புள்ள எப்ப மத்தப் புள்ளைங்க மாதிரி ஆவான்?" என்று ஒரு தாய் கண்ணீரோடு கேட்கும்போது இருபத்து மூன்று வயதுப் பெண் என்ன பதில் சொல்வார்? "சீக்கிரம் சரியாயிடும்" என்பது பொய்யாகலாம். "ஆகாது" என்றால் அந்தத் தாய் மறுநாள் வரமாட்டார். அடுத்த மூன்று மாதத்தில் பிள்ளை எதைச் செய்யக் கற்கும் என்று தெளிவாகச் சொல்லி, அந்தத் தாயை அதில் சேர்த்துக்கொள்ளும் பேச்சை அனுபவசாலிகளைப் பார்த்துத்தான் பழக முடியும். இப்படிப்பட்ட கேள்விகளை ஒரு நாளில் பல முறை கேட்டுவிட்டு, யாரிடமும் பேசாமல் விடுதி அறைக்குத் திரும்பும் ஒருவர் எத்தனை மாதம் தாங்குவார்?

இதில் நிர்வாகிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கூடியவரை சம்பளம் போடும் மேலாளரே வழிகாட்டியாக இருக்கக் கூடாது. "எனக்கு இது தெரியவில்லை" என்று சொன்னால் சம்பள உயர்வு போய்விடுமோ என்ற பயம் இருந்தால், யாரும் தன் குறையைச் சொல்ல மாட்டார்கள். குறை மறைந்திருந்தால் பாதிப்பு பிள்ளைக்கு. வழிகாட்டி வெளியிலிருந்து வரும் மூத்த தெரபிஸ்டாக இருப்பது நல்லது.

சக பணியாளர் துணை

வழிகாட்டி மூத்தவர். சக துணை என்பது நம்மோடு ஒரே படியில் நிற்பவர்கள். இரண்டுமே வேண்டும், ஏனென்றால் மூத்தவருக்குத் தெரியாத சில விஷயங்கள் பக்கத்து ஊர்க்காரருக்குத் தெரியும்.

ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் திடீர்ச் சத்தம் தாங்காது. சென்னையில் இருக்கும் ஒரு நிபுணர், "சத்தம் இல்லாத சூழலில் வையுங்கள்" என்பார். ஆனைக்குட்டம், திருத்தங்கல், சிவகாசிப் பக்கம் அது எவ்வளவு முடியும்? கல்யாணம், திருவிழா, தேர்தல் எதற்கும் வெடிதான். காதை மூடும் ஹெட்போனைப் பிள்ளைக்கு எப்படிப் பழக்குவது, வெடிச் சத்தம் வரப்போகிறது என்று முன்கூட்டியே படம் காட்டி எப்படிச் சொல்வது, வீட்டில் எந்த அறை சத்தம் குறைவானது என்று பார்ப்பது எப்படி என்பதை இதே வட்டாரத்தில் வேலை பார்ப்பவர்கள்தான் பகிர்ந்துகொள்ள முடியும். தாய் காலையிலேயே பட்டாசு ஆலைக்கோ தீப்பெட்டி ஆலைக்கோ போய்விடும் வீட்டில், பாட்டிக்கு எந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுப்பது என்பதும் அப்படியே.

இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. நாலைந்து பேர், மாதம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு மாதமும் ஒருவர் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்வார்: குடும்பம் எதை விரும்புகிறது, இதுவரை என்ன செய்தேன், எங்கே நின்றுவிட்டேன். கடைசியில் ஒரே ஒரு கேள்வி. மற்றவர்கள் முதலில் விளக்கம் கேட்க வேண்டும், யோசனை அதற்குப் பிறகுதான். எந்த யோசனையைச் செய்து பார்க்கப் போகிறேன் என்று அவர் சொல்லி முடிப்பார். அடுத்த மாதம் என்ன ஆயிற்று என்பதிலிருந்து கூட்டம் தொடங்கும். பிள்ளையின் பெயரும் ஊரும் சொல்லக் கூடாது. பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் போட்டோவோ வீடியோவோ காட்டக் கூடாது.

வட்டாரத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர்தான் என்றால், பிசியோதெரபிஸ்ட், பேச்சு சிகிச்சை நிபுணர், பள்ளிகளின் சிறப்பாசிரியர் ஆகியோரைச் சேர்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அவர்கள் எல்லாரும் பார்ப்பது அதே பிள்ளைகளைத்தான்.

ஆய்க்குடி காட்டும் வழி

இது நடக்கக் கூடியதா என்று கேட்பவர்கள் தொலைதூரம் போக வேண்டாம். ராஜபாளையம் வழியாகத் தென்காசி போகும் பாதையை ஒட்டி ஆய்க்குடி இருக்கிறது. கடற்படை அதிகாரித் தேர்வின்போது 1975-ல் நடந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் அங்கே அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வளர்ச்சித் தாமதமுள்ள சிறு குழந்தைகளுக்காக அந்தச் சங்கம் செய்துவரும் வேலை நம் பேச்சுக்கு நேராகப் பொருந்துகிறது. கிராமத்துக்கு ஒரு நிபுணரை அனுப்புவது முடியாத காரியம். அதனால் உள்ளூர் ஆட்களையே சமுதாய மறுவாழ்வுப் பணியாளர்களாகப் பயிற்றுவிக்கிறார்கள். அவர்கள் வீடு தேடிப் போய்ப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் பயிற்சி தருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பிசியோதெரபிஸ்ட், பேச்சு சிகிச்சை நிபுணர், சிறப்பாசிரியர் கொண்ட குழு நிற்கிறது. பிள்ளையின் மதிப்பீடு, இலக்கு, முன்னேற்றம் எல்லாம் 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலியில் பதிவாகின்றன. அந்தப் பதிவைப் பார்த்து நிபுணர்கள் வழிகாட்டுகிறார்கள். களத்தில் நிற்பவர் தனியாக விடப்படுவதில்லை என்பதுதான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

தூரம் இன்று பெரிய தடையும் இல்லை. 2003-ல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் சஞ்சீவ் அரோரா 'புராஜெக்ட் எக்கோ' என்ற முறையைத் தொடங்கினார். கல்லீரல் நோயாளிகள் நிபுணரைத் தேடிப் பல மணி நேரம் பயணம் செய்வதைத் தவிர்க்க, சிற்றூர் மருத்துவர்கள் வீடியோ மூலம் வாரந்தோறும் நிபுணர்களுடன் கூடித் தங்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசினார்கள். பின்னர் அதே முறை ஆட்டிசம் சிகிச்சைக்கும் வந்தது. ஒரு போனும் நெட்டும் இருந்தால் நம் ஊரிலும் இது முடியும்.

நாம் என்ன செய்யலாம்?

அரசு 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் கீழ், பிறந்தது முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அங்கன்வாடியிலும் அரசுப் பள்ளியிலும் பரிசோதனை நடக்கிறது. வளர்ச்சித் தாமதம் தெரிந்தால் மாவட்ட அளவிலான தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகிறார்கள். பெற்றோர் முதலில் இதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

தனியார் மையத்துக்குப் போகும் பெற்றோர், தெரபிஸ்டின் படிப்பைக் கேட்பதோடு, "உங்களுக்குச் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பீர்கள்?" என்றும் கேளுங்கள். இதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. கேட்க ஆள் வைத்திருப்பவர்தான் நம்பத் தகுந்தவர்.

சிகிச்சை மையம் நடத்தும் ஜமாஅத்துகளும் அறக்கட்டளைகளும் ஒன்றை யோசிக்க வேண்டும். சக்கர நாற்காலி வாங்க நன்கொடை உடனே கிடைக்கிறது. கொடுத்தவர் பெயரை அதில் எழுதலாம், போட்டோ எடுக்கலாம். தெரபிஸ்ட் மாதம் ஒருநாள் மதுரைக்குப் போய் மூத்தவரிடம் கற்றுவர பஸ் கட்டணம் தர யாரும் முன்வருவதில்லை. அந்த நாளை விடுப்பாகக் கழிக்காமல் வேலை நாளாகக் கணக்கிடுங்கள். வழிகாட்டும் மூத்தவருக்கு ஒரு மதிப்பூதியம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் வராத ஒரு மதிய நேரத்தை அவர்கள் கூடிப் பேச விடுங்கள்.

தனியாக வேலை பார்க்கும் தெரபிஸ்டுகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களோடு படித்த இருவரை இந்த வாரமே போனில் அழைத்து, மாதத்தில் ஒருநாளைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பேர் போதும், தொடங்கிவிடலாம்.

இன்ஷா அல்லாஹ், இட்லியைப் பிட்டு வாயில் வைக்கக் கற்ற அந்தப் பிள்ளை, அடுத்து சட்டைப் பொத்தான் போடவும் அதே மேடத்திடம் கற்றுக்கொள்ளட்டும்.