தூசு என்று ஒரு பெயர்!

ஊறுகாய் ஜாடியைத் திறக்கிறீர்கள். மேலே பச்சையாகப் பூசணம் பூத்திருக்கிறது. உடனே, "ஈரக் கரண்டியைப் போட்டது யார்?" என்று வீட்டில் விசாரணை ஆரம்பமாகிவிடும்! விசாரணை நடக்கட்டும். அந்தப் பச்சைப் பொடியின் பெயரை நாம் கொஞ்சம் விசாரிக்கலாம்.

விஞ்ஞானிகள் அதைக் 'கொனிடியா' என்கிறார்கள். கிரேக்க பாஷையில் 'கோனிஸ்' என்றால் தூசு. அதோடு சிறுமையைக் காட்டும் ஒரு விகுதியை ஒட்டி, லத்தீன் உடுப்பு மாட்டிவிட்டார்கள். ஆக, வாயில் நுழையாத பெயரைப் பிரித்துப் பார்த்தால், 'துளித் தூசு' என்றுதான் வருகிறது!

தூசுதான், ஆனால் உயிருள்ள தூசு. பூசணத்தின் மெல்லிய இழை நுனியில், எந்த உறையும் இல்லாமல், மணி கோத்தாற்போல் இவை உண்டாகின்றன. 200, 300 மணிகளை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். காற்று லேசாக அசைந்தால் போதும், கிளம்பிவிடும்.

இத்தாலியில் பிளாரென்ஸ் நகரத்துத் தாவர நிபுணர் மிக்கேலி இதைப் பூதக்கண்ணாடியில் பார்த்தார். பாதிரிமார்கள் தீர்த்தம் தெளிக்கும் கருவி அவர் நினைவுக்கு வந்தது. நம் வீட்டுப் பன்னீர்ச் சொம்பு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தக் கருவியின் பெயரையொட்டி 1729-ல் 'ஆஸ்பெர்ஜில்லஸ்' என்று பெயரிட்டார். அதோடு விடவில்லை. பொடியை எடுத்து முலாம்பழத் துண்டில் தூவினார். அதே பூசணம் மறுபடி முளைத்தது! அழுகலிலிருந்து பூசணம் தானே பிறக்கிறது என்று பலர் நம்பிய காலம் அது.

இந்தக் குலத்தில் ஜப்பானியர் சோற்றில் வளர்த்து மது காய்ச்சும் சாதுப் பிள்ளையும் உண்டு. பொல்லாத பிள்ளையும் உண்டு. 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. தீவனத்தில் கலந்த வேர்க்கடலைப் பிண்ணாக்கில் 'ஆஸ்பெர்ஜில்லஸ் ப்ளேவஸ்' வளர்ந்திருந்தது. இரண்டு பெயர்களின் முன்னெழுத்துக்களையும் சேர்த்து, அதன் விஷத்துக்கு 'அஃப்ளடாக்ஸின்' என்று பெயர் சூட்டினார்கள். மனிதரின் ஈரலையும் கெடுத்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும் நஞ்சு அது.

வறுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று எண்ணாதீர்கள். சமையல் சூட்டுக்கு அது முழுதும் மசியாது. ஆகையால் பூசணம் பிடித்த கடலையைத் துடைத்துச் சட்னியில் சேர்ப்பது வேண்டாம். முகர்ந்து பார்ப்பதும் வேண்டாம். அப்படியே காகிதத்தில் மெதுவாகச் சுற்றி எறியுங்கள். உதறினால் அந்தத் தூசு பக்கத்து டப்பாவுக்குக் குடிபோய்விடும்!